பன்னிரண்டாவது இடம்

தோண்டியைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு, அடைக்கலம் செங்கோல் நாட்டாமையின் வலது காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான். செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்க்கத் தேய்க்கக் கரிசல் மண் கரைந்து அவன் முழங்கை வழியாக ஒழுகியது. பித்தவெடிப்புக்குள் இறங்கிய மண் அவ்வளவு லேசில் வந்துவிடாது. ஈர்க்குச்சியை வைத்து ஒவ்வொரு வெடிப்பாக நோண்ட வேண்டும். நோண்டினால் நாட்டாமைக்குக் கூசும். காலை வெடுக்கென்று இழுப்பார். இழுத்தால் அழுக்குத் தண்ணீர் அடைக்கலத்தின் முகத்தில் தெறிக்கும். அவரும் வேண்டுமென்று செய்கிறவர் இல்லை. பூசையில் நன்மை அப்பம் வாங்க நாக்கை நீட்டுகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்பது விரதம். நடுச்சாமத்திலிருந்தே ஊரில் பாதிப் பேருக்குத் தொண்டை காய்ந்து கிடந்தது.

"அந்தச் சுண்டுவெரல் சந்துல பாரு" என்றார் நாட்டாமை.

"பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

"நீயும் இன்னிக்கு பெஞ்சியில உக்கார்றவன். அந்த அவசரத்துல அரைகொறையா வுட்டுடாத."

அடைக்கலம் ஈர்க்குச்சியைச் சுண்டுவிரல் சந்துக்குள் விட்டான். பதில் சொன்னால் பூசைக்கு முன்னால் ஒரு பாவம் வந்து சேரும். அப்புறம் அதற்கு வேறு போய் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பெரிய வியாழக்கிழமை. பூசை முடிந்ததும் சாமியார் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவித் துடைத்து, வாய்வைத்து முத்தி செய்வார். சேசுநாதர் தம் சீஷர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்கிற சடங்கு அது. பீடத்துக்கு முன்னால் போடுகிற அந்த நீளப் பெஞ்சியில் பன்னிரண்டு வீடுகளுக்கு இடம் உண்டு. இன்ன வீட்டுக்கு இன்ன இடம் என்று தாத்தா காலத்திலிருந்து வருகிறது. காணி நிலத்தைக்கூட விற்பார்கள், பெஞ்சி இடத்தை விட மாட்டார்கள். கோயில்பிள்ளை அடைக்கலம் கோயிலைப் பெருக்குவான், விளக்கேற்றுவான், மணியடிப்பான், வௌவால் புழுக்கையை வழித்துப் போடுவான், சப்பரத்துக்கு எண்ணெய் போடுவான். பெஞ்சியை இழுத்துப் போடுகிறவனும் அவன்தான். உட்காருகிற ஆள் அவனில்லை.

அந்தக் கால்களை முன்கூட்டியே கழுவிவிடுவதும் அவன் வேலைதான். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். முன்னொரு காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சாமி இருந்தார். அப்போது வெங்காயக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஆள் ஒருவர் அப்படியே ஓடிவந்து பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக்காரச் சாமி முகம் சுளிக்காமல் கழுவி, துடைத்து, குனிந்து முத்தியும் செய்துவிட்டார். ஊருக்குத்தான் மானம் போய்விட்டது. சாமி வாய் படுகிற கால் இப்படியா இருப்பது என்று பஞ்சாயத்துக் கூடி, அடுத்த வருஷத்திலிருந்து கோயில்பிள்ளை கிணற்றடியில் வைத்து எல்லாருடைய காலையும் தேய்த்துக் கழுவிவிட வேண்டும் என்று கட்டுப்பண்ணினார்கள். அது அடைக்கலத்தின் அப்பன் காலம். சாமி கழுவுவது வலது காலை மட்டும்தான். ஆனால் பக்கத்தில் இடது கால் அழுக்காகவா நிற்கும்? அதனால் இரண்டையும் தேய்க்க வேண்டும். கழுவின கால் மறுபடி மண்ணில் படாமலிருக்க, வண்ணாத்தி உண்ணாமலை கிணற்றடிச் சந்திலிருந்து பெஞ்சி வரைக்கும் வெள்ளைச் சேலையாக விரித்துக்கொண்டே வருவாள். ஆக, கழுவ வேண்டிய தேவையே இல்லாத கால்களைத்தான் சாமிமார்கள் வருஷா வருஷம் கழுவினார்கள். அது அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்பதும் கட்டுப்பாடுதான்.

அடைக்கலத்துக்கு இதில் எரிச்சல் இல்லாமல் இருக்குமா? இருந்தது. வெகுநாளாகவே இருந்தது. காலைப் பிடிக்க அவன் வெட்கப்பட்டதில்லை. சீழ் பிடித்த கால், ஆணிக்கால், ஆறாத புண்ணில் வேப்பிலை வைத்துக் கட்டின கால் எல்லாவற்றையும் பிடித்திருக்கிறான். ஆனால் கழுவி அனுப்பிவிட்டு, ஈரத் துணியோடு தூணோரம் நின்று, சாமி இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒற்றி எடுப்பதையும், சனங்கள் கண்ணில் நீர் தளும்ப அதைப் பார்ப்பதையும் பார்க்கும்போது அவனுக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலை அவன் ஊர்க்காரரிடம் காட்ட முடியாது. கோயிலைப் பெருக்கும்போது சர்வேசுரனிடம் காட்டுவான். "நீங்க பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க? நான் ஒண்ணும் பொன்னு பொருளு கேக்கலை. இந்த வூட்டுல நானும் ஒருத்தன் இருக்கேன்னு ஒருதரம் கண்டுக்கிட்டா என்ன கொறைஞ்சுபோயிடும் உங்களுக்கு?" என்று விளக்குமாற்றைத் தட்டிக்கொண்டே கேட்பான். மேலேயிருந்து ஒரு பதிலும் வராது. வௌவால்தான் படபடக்கும்.

இந்த வருஷம் பதில் வந்த மாதிரி இருந்தது. பெஞ்சியின் கடைசி இடம் சந்தியாகு வீட்டுடையது. கிழவர் தை மாதம் செத்துப்போனார். ஒரே மகன் மலாயாவுக்குப் போனவன். யுத்தம் முடிந்தும் அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. காலியான இடத்துக்கு இரண்டு வீட்டுக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். ஒருவர் கிழவருக்குச் சம்பந்தி, இன்னொருவர் பங்காளி. நாலு நாள் முன்னால் குருத்து ஞாயிறு பூசை முடிந்து, சாமியாருடைய வீட்டு வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கட்சியும் கத்தியது. அரியலூர் ஸ்டேஷனில் இறங்கிக் கட்டைவண்டியில் வந்து சேர்ந்து மூன்று மாசம்கூட ஆகாத புதுச் சாமி, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், அவருக்குத் தலையைச் சுற்றிவிட்டது. அன்றைக்குத்தான் பிரசங்கத்தில், ஆண்டவருக்கு ஊழியனாக இருப்பதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை என்று நெடுநேரம் சொல்லியிருந்தார். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அடைக்கலம் அவர் கண்ணில் பட்டான்.

"ரெண்டு பேரும் வேணாம். கோயில்பிள்ளை உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சண்டையில் மிஞ்சிக் கிடைத்தது என்று அடைக்கலத்துக்கும் தெரியும். தெரிந்தால் என்ன? கிடைத்தது கிடைத்ததுதான். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவன் பெண்சாதி பெரியநாயகம் கேப்பைக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை அப்படியே பானையில் விட்டுவிட்டு அவன் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"உங்களையா? சாமியே சொன்னாரா?"

"பின்ன, நானா போயி உக்காந்துக்குறேன்?"

"இந்தக் காலை வச்சுக்கிட்டா?"

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். பீடத்தில் எரிந்து மிஞ்சின மெழுகுத் துண்டுகளை அவன் கொண்டுவந்து கொடுத்தான். அதை விளக்கெண்ணெயில் போட்டு உருக்கி, அவன் குதிகாலில் தடவி, துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள். கட்டோடு அவன் கோயிலைப் பெருக்கினான், கட்டோடு மணியடித்தான். புதன்கிழமைக்கெல்லாம் வெடிப்பு மூடிக்கொண்டு கால் பச்சைப்பிள்ளைக் கால் மாதிரி ஆகிவிட்டது என்று அவள் சொன்னாள். கண்ட்ரோல் கடையில் வாங்கி எடுத்து வைத்திருந்த வேட்டியையும் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

"சேசுநாதரே வந்து கழுவுற மாதிரிதாங்க அது. சாமி கை இல்ல. அவரு கை" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் குரல் கம்மியது. அடைக்கலத்துக்கும் என்னமோ போலிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி அவன் காலைப் பார்த்ததில்லை.

ஒரு சிக்கல்தான் பாக்கி. அவன் போய்ப் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டால், மற்ற பதினோரு பேர் காலையும் கிணற்றடியில் கழுவுவது யார்? யாரும் முன்வரவில்லை. வருவார்களா? "நானே கழுவிவுட்டுட்டு வந்து உக்காந்துக்குறேங்க" என்று அவனே சொல்லிவிட்டான். சடங்கு நடக்கும்போது சாமியின் மூக்குக் கெண்டியில் தண்ணீர் குறையக் குறைய ஊற்றுகிற வேலை ஒன்று இருந்தது. அதற்கு உபதேசியார் ஞானாதிக்கத்திடம் போய் நின்றான். அவர் செபம் சொல்லிக்கொடுக்கிறவர், ஊரில் சாமிக்கு அடுத்தபடி. "நான் தண்ணி தூக்குற ஆளா அடைக்கலம்?" என்று கேட்டார். தூக்க வேண்டாம், குடத்தை நிரப்பித் தூணுக்குப் பின்னால் வைத்துவிடுகிறேன், மொண்டு ஊற்றினால் போதும் என்று கெஞ்சினான். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை அவர்.

எல்லாருடைய காலையும் கழுவி முடித்தான். அவர்கள் உண்ணாமலையின் சேலைமேல் ஒவ்வொருவராக நடந்து உள்ளே போனார்கள். அப்புறம் குடத்தை நிரப்பித் தூணுக்குப் பின்னால் வைத்தான். கடைசியாகத் தன் காலைத் தானே கழுவிக்கொண்டான். தேய்க்க ஒன்றுமில்லை. பெரியநாயகத்தின் வைத்தியத்தில் கால் வழவழவென்றிருந்தது. வேட்டி மாற்றிக்கொண்டு வந்தபோது உண்ணாமலை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்கண்ணே. நம்மள்ல ஒருத்தரு இந்தச் சேலை மேல நடக்கறதை நான் இன்னிக்குத்தான் பாக்கப்போறேன்."

அவன் நடந்தான். ஈரக்காலுக்கடியில் வெள்ளைச் சேலை சில்லென்று இருந்தது. யாரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்க்கக் கூச்சமாக இருந்ததால் தரையைப் பார்த்தே நடந்தான்.

பூசை நீண்டது. சித்திரை வெயில் ஓட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்தது. நன்மை வாங்கினவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வரிசையாகத் திரும்பிப் போனார்கள். அடைக்கலமும் வாங்கினான். பீடத்துத் துணிகளை உரித்தெடுத்த பிறகு பெஞ்சியைப் போட்டார்கள். இன்றைக்கு அதை வேறு யாரோ இழுத்துப் போட்டார்கள்; கோணலாகப் போட்டார்கள். அடைக்கலத்துக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு போய்க் கடைசி இடத்தில் உட்கார்ந்தான். பெண்கள் பக்கத்தில் பெரியநாயகம் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள்.

சாமி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் ஆளான நாட்டாமையின் முன்னால் முழங்கால் போட்டார். உபதேசியார் தாம்பாளத்தைக் காலுக்கடியில் வைத்தார். கெண்டியிலிருந்து தண்ணீர் நூலாக விழுந்தது. துடைத்து, குனிந்து, முத்தி செய்துவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். பாடகர்கள் லத்தீன் பாட்டை இழுத்து இழுத்துப் பாடினார்கள். ஒவ்வொரு காலாகச் சாமி நெருங்கி வர வர அடைக்கலம் வலது காலை முன்னால் நீட்டி நீட்டி வைத்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டான். "இதோ பாருங்க, உக்காந்துட்டேன்" என்று மனசுக்குள் சொன்னான். இத்தனை வருஷம் பேசின பேச்சுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தான். பக்கத்து ஆளின் கால்மேல் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அது நின்றது.

அவன் கண்ணைத் திறந்தான். சாமி அவன் முன்னால் முழங்கால் போட்டிருந்தார். கெண்டியைச் சாய்த்தார். ஒரு சொட்டு விழுந்தது. இன்னும் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. திரும்பி உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் தூணுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, குடத்தைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார்.

தூணுக்குப் பின்னால் குடம் நிறையத் தண்ணீர் இருந்தால் சனம் என்ன நினைக்கும்? பெரிய வியாழக்கிழமைத் தண்ணீர், மந்திரித்து வைத்தது என்று நினைத்துக்கொண்டார்கள். நடுச்சாமத்திலிருந்து காய்ந்த தொண்டை வேறு. நன்மை வாங்கிவிட்டுத் திரும்பினவர்கள் ஆளுக்கொரு வாய் குடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மாட்டுக்கும் தெளிக்கலாம் என்று செம்பிலும் மொண்டுகொண்டு போய்விட்டார்கள்.

பாட்டு முடிந்துவிட்டது. முடிந்த பாட்டை மறுபடி எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாடகர்கள் நின்றார்கள். சாமி வெறும் கெண்டியோடு முழங்காலில் இருந்தார். உபதேசியார் அடைக்கலத்தைப் பார்த்தார். நாட்டாமை பார்த்தார். பெஞ்சி முழுக்கத் தலையைத் திருப்பிப் பார்த்தது. கடைசியில் சாமியும் பார்த்தார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். அடைக்கலம் எழுந்து சாமி கையிலிருந்த கெண்டியை வாங்கிக்கொண்டு பக்கவாசல் வழியாக ஓடினான்.

கிணற்றடியில் பதினோரு பேர் காலிலிருந்து வழித்துவிட்ட கரிசல் அப்படியே குழம்பாக நின்றது. அதை அவன் மறந்துபோனான். வைத்த முதல் காலே கணுக்கால் வரைக்கும் இறங்கியது. இழுத்தால் மறுகால் இறங்கியது. "அட சேசுவே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தோண்டியை உள்ளே விட்டான். கோடைக் கிணறு, கயிறு போய்க்கொண்டே இருந்தது. மேலே வந்தபோது தோண்டியில் பாதிதான் இருந்தது. அது கெண்டிக்குச் சரியாகப் போயிற்று. கால் கழுவ இன்னொரு தடவை இறைக்க வேண்டும். கயிற்றைப் பிடித்தான்.

"என்னய்யா பண்ற? சாமி முட்டி போட்டுக்கிட்டு இருக்காருய்யா" என்று பக்கவாசலிலிருந்து உபதேசியார் கத்தினார்.

அவனுக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. நாலு நாள் கட்டு, பெரியநாயகம் உருக்கின மெழுகு, அவள் குரல் கம்மினது எல்லாம் இந்தச் சேற்றில் போய்விட்டது. "இதுக்குத்தானா என்னைக் கூப்பிட்டீங்க?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டான். கேட்டுவிட்டுக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். மண் அப்பி அப்பிக் கால் கனத்தது.

சந்தில் சேலையின் நுனியைப் பிடித்துக்கொண்டு உண்ணாமலை உட்கார்ந்திருந்தாள். அவன் காலைப் பார்த்தாள்.

"மிதிச்சுக்கிட்டுப் போங்கண்ணே. எப்பிடியும் நான்தான வெளுக்கப்போறேன்" என்றாள்.

அவன் ஒரு கணம் நின்றான். பிறகு சேலையை விட்டு ஒதுங்கி, ஓரமாக வெறுந்தரையில் நடந்தான். காலையில் அவன் மெழுகின தரை. அதில் கறுப்புக் கறுப்பாகக் காலடி விழுந்துகொண்டே வந்தது.

கெண்டியை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சிக்கு வந்தான். பக்கத்திலிருந்தவர் தன் வேட்டியை இழுத்துச் சுருட்டிக்கொண்டார். பெஞ்சியின் அந்தக் கோடியிலிருந்து நாட்டாமை எட்டிப் பார்த்து, பல்லிடுக்கில் சொன்னார்: "போயிடுடா. சாமி வாய் படற எடம். போயிடு."

போயிருப்பான். வேறு எந்த நாளாக இருந்தாலும் போயிருப்பான். அன்றைக்கு அவன் போகவில்லை. உட்கார்ந்தான். வலது காலை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தான். சேறு தாம்பாளத்தில் சொத்தென்று விழுந்தது.

சாமி அந்தக் காலைப் பார்த்தார். பசி, வெயில், இவ்வளவு நேரம் முழங்கால் போட்டிருந்த வலி எல்லாம் அவர் முகத்தில் இருந்தது. சனங்களுக்குக் கேட்காமல், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கடுகடுப்பாகச் சொன்னார்:

"காலைக் கழுவிட்டு வரக்கூடாதாப்பா?"

எவ்வளவோ சொல்லலாம். பக்கத்தில் வரிசையாக ஊறி வெளுத்த பதினோரு காலையும் காட்டலாம். எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"கழுவிட்டுத்தாங்க சாமி வந்தேன்" என்றான்.

சாமி நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவர் பார்வை பெஞ்சியில் இருந்த மற்ற கால்கள்மேல் ஒவ்வொன்றாகப் போயிற்று. பிறகு பக்கவாசல் வரைக்கும் தரையில் கிடந்த கறுப்புத் தடங்கள்மேல் போயிற்று. கெண்டியைச் சாய்த்தார். நூலாக விழுந்த தண்ணீர் சேற்றின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. இன்னும் கொஞ்சம் விட்டார். கரிசல் அசையவில்லை. கெண்டியை ஓரமாக வைத்துவிட்டு, அங்கியின் கையை முழங்கை வரைக்கும் ஏற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் அவன் காலைப் பிடித்தார். அவருக்குப் பழக்கமில்லை. விரல் சந்தை விட்டுவிட்டு மேலேயே தேய்த்தார். நகம் பட்டு எரிந்தது. இப்படி இல்லை, கட்டை விரலால் அழுத்தி வழிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டான் அடைக்கலம். பின்னால் சனம் முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது. பாடகர்களில் ஒருவர் முடிந்த பாட்டையே மெல்ல மறுபடி எடுத்தார்.

சாமி அழுத்தித் தேய்த்தபோது மேடுபள்ளமான தரையில் தாம்பாளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கறுப்புத் தண்ணீர் விளிம்புக்கு வந்து அவருடைய வெள்ளை அங்கியைத் தொடப் பார்த்தது. அடைக்கலம் பெஞ்சியில் இருந்தபடியே குனிந்து தாம்பாளத்தின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டான். இரண்டு பேர் தலையும் இடித்துக்கொள்கிற கிட்டத்தில் இருந்தது. சாமி மூச்சு வாங்குவது அவனுக்குக் கேட்டது. அவர் துண்டை எடுத்துக் காலைச் சுற்றித் துடைத்தார். வெள்ளைத் துண்டு கறுத்தது. விரல் சந்தில் இன்னும் மண் இருந்தது. சாமியின் முகம் முத்தி செய்யக் குனிந்து வந்து, காலுக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது. தாம்பாளத்தைப் பிடித்த கையை அடைக்கலம் எடுக்கவில்லை.